தஞ்சை வேதநாயக சாஸ்திரியார்: ஒரு திருச்சபை இசைப்புலவரின் வாழ்வும் மொழியும்

சுங்கை புரோங்கில் நிகழும் இப்பொழிவுக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள், மொழியும் இசையும் சந்திக்கும் ஓர் இடத்தைப் பற்றியது. பாட்டில் சொல் முதன்மையா, பண் முதன்மையா என்னும் வினா மிகப் பழையது. அவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுதும் சுமந்து, அதற்காகப் பணியையும் இழக்க நேர்ந்த புலவர் ஒருவரை இங்கு அறிமுகம் செய்ய விழைகிறோம். அவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) இவரினும் வேறானவர். பெயரொற்றுமையால் இருவரையும் ஒருவராகக் கருதும் மயக்கம் நம்மிடையே உண்டு. அதனை முதலிலேயே நீக்கிக்கொள்வது நலம்.

1706ஆம் ஆண்டில் இரு நிகழ்ச்சிகள்

சாஸ்திரியாரைப் புரிந்துகொள்ள, அவர் பிறப்பதற்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகட்கு முன் செல்லுதல் வேண்டும். 1706ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், செருமனியின் ஆர்ன்ஸ்டாட் நகரத் திருச்சபை மன்றம் இருபது வயது ஆர்கன் கலைஞன் ஒருவனை அழைத்து விசாரித்தது. அவன் நான்கு வாரம் விடுப்புப் பெற்று, லூபெக் நகரில் பூக்ஸ்டெஹூட என்னும் மூத்த கலைஞரின் வாசிப்பைக் கேட்க நானூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்தே சென்றவன். திரும்பி வரவோ ஏறத்தாழ நான்கு மாதம் ஆயிற்று. மன்றத்தின் குறை அதனோடு நிற்கவில்லை. வழிபாட்டுப் பாடலுக்கு வாசிக்கும்போது அயலான சுரங்களைப் புகுத்துகிறான், அதனால் சபையார் பாட முடியாமல் குழம்புகின்றனர் என்பதும் அவன்மேல் சுமத்தப்பட்டது. அவ்விளைஞனே பின்னாளில் உலகம் போற்றிய யோஹான் செபாஸ்டியன் பாக் (1685–1750).

அதே ஆண்டு ஜூலைத் திங்களில், சோழமண்டலக் கடற்கரையில் தேனியர் வசமிருந்த தரங்கம்பாடியில் பர்த்தலோமேயு சீகன்பால்குவும் ஹென்ரிக் புளூட்சோவும் வந்திறங்கினர். சீகன்பால்கு பயின்ற ஹாலே நகரம், பாக்கின் வாழ்விலும் இடம்பெற்ற ஊர். 1713இல் அந்நகரின் ஆர்கன் கலைஞர் பதவி பாக்கைத் தேடி வந்தது. அவர் அதனை ஏற்கவில்லை. அவ்வாண்டுகளில்தான் ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் தரங்கம்பாடி அச்சகத்திற்கு வந்து சேர்ந்தன. 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் முழுமையாக அச்சேறியது. 1716இல் சீகன்பால்குவின் தமிழ் இலக்கண நூல் இலத்தீன் மொழியில் ஹாலேயிலேயே வெளிவந்தது.

நூலும் இலக்கணமும் வந்த கப்பலில் பண்ணும் வந்தது. லுத்தரன் வழிபாட்டில் மக்கள் எல்லோரும் ஒருங்கே எழுந்து பாடும் 'கோரல்' என்னும் பாடல்வகை உண்டு. எளிய மெட்டு, அளவொத்த அடிகள், ஓரசைக்கு ஒரு சுரம், அடியிறுதியில் நிறுத்தம் ஆகியன அதன் இயல்புகள். பாக்கின் திருச்சபை இசையில் பெரும்பகுதி இக்கோரல்களின்மீது எழுப்பப்பட்ட மாளிகையே. லைப்சிக் நகரில் 1723 முதல் இறுதிவரை இசைத்தலைவராகப் பணியாற்றிய காலத்தில், ஞாயிறுதோறும் பாடவேண்டிய இசைக்கோவைகளை அவர் வாரந்தோறும் புதிதாக இயற்றிய ஆண்டுகள் உண்டு. அவற்றுள் பலவற்றின் முடிவில், சபையார் நன்கறிந்த ஒரு கோரல் நான்கு குரல்களில் ஒலிக்கும்.

அக்கோரல்கள் தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டு 'ஞானப்பாட்டு' எனப் பெயர் பெற்றன. 1740இல் தரங்கம்பாடிக்கு வந்து பின்னர்ச் சென்னையில் பணியாற்றிய பிலிப்பு பப்ரீசியுஸ் இத்துறையில் தலையாயவர். தமிழ்–ஆங்கில அகராதி தந்தவரும் அவரே. ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் 1601இல் காதற்பாட்டுக்கென அமைத்த மெட்டொன்று, பிற்காலத்தில் பவுல் கெர்ஹார்ட்டின் சிலுவைப் பாடலுக்கு உரியதாயிற்று. பாக் தம் 'மத்தேயு பாடுகள்' இசைக்கோவையில் அதனை மீண்டும் மீண்டும் கையாண்டார். அம்மெட்டே இன்றும் பெரிய வெள்ளியன்று தமிழ்ச் சொற்களோடு ஒலிக்கிறது. காதற்பாட்டாகப் பிறந்தது கல்லறைப் பாட்டாகிக் கடல் கடந்து தமிழுக்கு வந்த கதை இது.

மெட்டுக்குள் சொல் படும் பாடு

இங்கு மொழியியல் நோக்கில் ஒரு தடை எழுகிறது. செருமானியப் பாட்டின் யாப்பு அழுத்தத்தை அடிப்படையாகக் கொண்டது. அழுத்தமுள்ள அசையும் அழுத்தமில்லா அசையும் மாறிமாறி வரும். மெட்டின் வலிய தட்டு அழுத்தமுள்ள அசைமேல் விழும். தமிழில் சொற்பொருளை வேறுபடுத்தும் அழுத்தம் இல்லை. வேறுபடுத்துவது மாத்திரை. குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு மாத்திரை என்பது இலக்கணத்தார் வகுத்த வரம்பு மட்டுமன்று. நம் செவியின் நடைமுறையும் அதுவே. 'மனம்' என்பதன் முதலெழுத்தை நீட்டினால் 'மானம்' ஆகும். 'வழி' நீண்டால் 'வாழி'. 'விடு' நீண்டால் 'வீடு'. 'பலி' என்பதை நீட்டினால் பொருளே தொலைந்துவிடும்.

யாப்பிலும் இவ்வேறுபாடு ஆழமானது. 'மனம்' இரண்டு எழுத்தொலி இணைந்த ஒரே நிரையசை. 'மானம்' என்பதோ நேர், நேர் என இரண்டு அசை. ஓரொலிக்கு ஒரு சுரம் எனச் செல்லும் கோரலில் 'மனம்' இரு சுரங்களாகப் பிளவுபட்டு, ஒவ்வொன்றும் ஒத்த நீளம் பெறுகிறது. பாடுவோர் நாவில் குறில் நீள்கிறது; வேறிடத்தில் நெடில் குறுகுகிறது. மற்றுமொன்று: செருமானியப் பாட்டின் செவியின்பம் அடியிறுதி இயைபில் இருக்கிறது, தமிழ்ச் செவி அடி தொடங்கும்போதே எதுகையை எதிர்பார்க்கிறது. ஞானப்பாட்டு மொழிபெயர்ப்பாளர்கள் பொருளைக் காத்தனர், மெட்டைக் காத்தனர், இயைபையும் இயன்றவரை காத்தனர். தமிழ்ச் சொல்லின் நடைதான் விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று.

நாம் சிறுவராய் இருந்த காலத்தில், கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டமொன்றின் சிற்றாலயத்தில் பெரிய வெள்ளிப் பாடல் கேட்டது நினைவுக்கு வருகிறது. அண்டை வீட்டுப் பாட்டியொருவர், எழுதப் படிக்க அறியாதவர், முழுப் பாட்டையும் மனனமாகப் பாடுவார். 'மனம்' வரவேண்டிய இடத்தில் அவர் வாயில் 'மானம்' என்றே ஒலிக்கும். அவர் பொருள் கொண்டதும் அப்படியே: ஆண்டவர் நம் மானத்தைக் காக்கிறார் என்று நமக்கு விளக்கியதும் உண்டு. அன்று அதனைப் பிழையென எண்ணிச் சிரித்தோம். மொழியியல் கற்றபின்னரே, பிழை பாட்டியுடையதன்று, மெட்டு அவருக்கு அளித்த ஒலியை அவர் நேர்மையாகக் கேட்டார் என உணர்ந்தோம். வரிசை வீட்டில் வாழ்ந்த ஒரு தொழிலாளிப் பெண்ணுக்கு அப்பொருள் பொருந்தாத பொருளும் அன்று.

வேதநாயகரின் வளர்ச்சி

சாஸ்திரியார் 1774 செப்டம்பர் 7ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். தந்தையார் தேவசகாயம், அருணாசலம் என்னும் முற்பெயர் உடையவர், வேளாளர் குடியினர், தமிழ்ப் புலமை உள்ளவர். செருமானிய மறைப்பணியாளர் சுவார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்தபோது சிறுவன் வேதநாயகத்தின் அறிவுக்கூர்மையைக் கண்டு, பன்னிரண்டு வயதளவில் தம்முடன் தஞ்சைக்கு அழைத்துச் சென்றார். சுவார்ட்ஸின் நிழலில் வளர்ந்த மற்றொரு சிறுவர், பின்னாளில் தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோசி (ஆட்சி 1798–1832). புலவருக்கும் மன்னருக்கும் இருந்த நட்பு அங்கு வேரூன்றியது.

தரங்கம்பாடியில் இறையியலோடு கணிதம், வானியல், உடற்கூற்றியல் ஆகியவற்றின் அடிப்படைகளையும் அவர் கற்றார். இளவயதிலேயே தஞ்சை மிஷன் பள்ளியில் தலைமை ஆசிரியரானார். ஒருபுறம் ஐரோப்பிய அறிவியல், மறுபுறம் தமிழ் யாப்பும் சிற்றிலக்கியமும், மூன்றாவதாகக் கருநாடக இசை செழித்த தஞ்சைச் சூழல். இம்மூன்றும் அவரிடம் கூடின. சரபோசியின் அவையில் ஐரோப்பிய வாத்தியக் குழுவும் இருந்தது. அக்காலத்தில்தான் பிடில் நம் இசையரங்கில் இடம்பிடித்தது. சாஸ்திரியாரின் சமகாலத்தவரான முத்துசுவாமி தீட்சிதர், ஐரோப்பிய வாத்தியக் குழுக்களின் மெட்டுகளுக்குச் சமற்கிருதச் சொற்களை அமைத்து 'நோட்டு சுவரம்' என்னும் சாகித்தியங்களை இயற்றினார். ஒரே காலத்தில் தீட்சிதர் மேலை மெட்டில் கீழைத் தெய்வங்களைப் பாட, சாஸ்திரியார் கீழைப் பண்ணில் மேலையர் கொணர்ந்த சமயத்தைப் பாடினார். பண்பாடுகள் ஒன்றையொன்று தொடும்போது வழி ஒருதிசையாய் அமைவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

அவர்தம் படைப்புகள்

சாஸ்திரியார் பெயரில் நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள் குறிக்கப்படுகின்றன. அவற்றுள் புகழ்பெற்றது 'பெத்லகேம் குறவஞ்சி'. குறவஞ்சியின் மரபான அமைப்பை நாம் அறிவோம்: தலைவன் உலா வருகிறான், தலைவி காதல் கொள்கிறாள், குறத்தி குறி சொல்கிறாள், குறத்தியின் கணவன் சிங்கன் பறவை பிடிக்க வலை விரிக்கிறான். சாஸ்திரியார் இவ்வமைப்பைக் கலைக்காமல் பாத்திரங்களின் பொருளை மாற்றினார். தலைவன் இயேசு. தலைவி தேவமோகினி, இறைவனை நாடும் திருச்சபையின் உருவகம். குறத்தி நம்பிக்கை. வலை விரிப்போர் நற்செய்தி அறிவிப்போர். குறத்தி தன் நாட்டு வளமும் மலை வளமும் கூறும் மரபு, அவர் கையில் உலக நிலப்படத்தை விரித்துக் காட்டும் வாய்ப்பாக மாறியது. கண்டங்களின் பெயர்கள் வருகின்றன. கதிரவனைக் கோள்கள் சுற்றும் கோப்பர்னிக்கசின் வானியலும் வருகிறது. தரங்கம்பாடி வகுப்பறையில் கற்றதை அவர் மேடைப் பாட்டாக்கினார்.

நொண்டி நாடகம், உலா, மாலை, கும்மி என மக்கள் அறிந்த வடிவங்கள் பலவற்றையும் அவர் இவ்வாறே எடுத்தாண்டார். நொண்டி நாடகம் என்பது, தீயவழியில் சென்று காலிழந்த ஒருவன் மனந்திருந்தி அருள் பெறுவதைச் சொல்லும் வகை. மனமாற்றக் கதைக்கு அதனினும் பொருத்தமான பழஞ்சட்டகம் கிடைப்பது கடினம். 1814இல் இயற்றிய 'சாஸ்திரக் கும்மி' சகுனம், நாள் பார்த்தல் முதலிய நம்பிக்கைகளைக் கண்டிப்பது. கண்டனத்தையும் கைகொட்டி ஆடும் கும்மியில் வைத்தமை கருதத்தக்கது. பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் கும்மியடித்து, காமன் கூத்து ஆடிய நம் தோட்டத்து முன்னோருக்கு இவ்வடிவங்கள் ஒவ்வொன்றும் பழகிய முகங்கள்.

அவருடைய கீர்த்தனைகளே இன்றளவும் மக்கள் நாவில் நிலைத்தவை. பல்லவி, அனுபல்லவி, சரணம் என அமைந்த இப்பாடல்களில், எதுகை பெரும்பாலும் தாள வட்டத்தின் தொடக்கத்திலோ அதனையொட்டியோ விழுகிறது. சொல் முடிந்தபின் அகாரமாக நீட்டலாம். ஆதலின் சொல்லின் உள்ளே குறிலை இழுக்க வேண்டிய நெருக்கடி குறைவு. பல்லவியைக் குழுவினர் திரும்பத் திரும்பப் பாடலாம். சரணத்தை ஒருவர் பாட மற்றோர் கேட்கலாம். எழுத்தறியாதோரும் பங்குகொள்ள இதுவே வழி. நடுநிலை கருதி ஒன்று கூறவேண்டும்: கருநாடக இசையிலும் சொல் பிளந்து பாடுவோர் உளர், குறில் நெடில் மயங்கும் இடங்களும் உள. எனினும் பாடுவோர் திருத்திக்கொள்ள மெட்டு இடந்தருகிறது. கோரலில் சபை முழுதும் ஒரே நேரத்தில் ஒரே சுரத்தில் நிற்பதால் அவ்விடம் இல்லை.

மொழித் தேர்விலும் அவர்தம் நிலை குறிப்பிடத்தக்கது. கடவுளைக் குறிக்கச் சீகன்பால்கு 'சருவேசுரன்' என்றார். பப்ரீசியுஸ் 'பராபரன்' என்றார். பிற்கால மொழிபெயர்ப்புகளில் 'தேவன்' நிலைபெற்றது. சாஸ்திரியார் பப்ரீசியுஸின் மொழிபெயர்ப்பில் ஊறியவர். 'பராபரன் மாலை' என்னும் அவர்தம் நூற்பெயரே அதற்குச் சான்று. இரேனியஸ் என்னும் மறைப்பணியாளர் திருநூல் மொழிபெயர்ப்பைத் திருத்தி எளிமையாக்க முற்பட்டபோது, சாஸ்திரியார் அதனைக் கடுமையாக எதிர்த்தார். வழிபாட்டில் ஊன்றிவிட்ட சொல், வெறும் சொல்லாய் இராது. அதனை மாற்றுவது நினைவையே மாற்றுவதாகும் என்பது அவ்வெதிர்ப்பின் உள்ளீடு எனலாம்.

மோதலும் அதன் இரு முகங்களும்

1820களில் தஞ்சைக்கு வந்த புதிய தலைமுறை மறைப்பணியாளர்களுக்கும் சாஸ்திரியாருக்கும் பிணக்கு முற்றியது. ஆலய வழிபாட்டில் தமிழ்ப் பண்ணும் தமிழ்க் கருவியும் வேண்டா எனப் புதியோர் கருதினர். விழா நாளில் மலர் அணிவதும் அவர்களுக்கு உவப்பாயில்லை. இவற்றையெல்லாம் கொடுமைகள் எனப் பட்டியலிட்டு சாஸ்திரியார் எழுத்தில் முறையிட்டார். 1829ஆம் ஆண்டையொட்டி அவர் மிஷன் பணியிலிருந்து விலக நேர்ந்தது. மன்னர் சரபோசி ஆதரவு தந்தார். ஆர்ன்ஸ்டாட் மன்றம் பாக்கிடம் சொன்னதும் இதன் ஒரு சாயலே: உம் இசையால் சபை குழம்புகிறது. ஆயின் ஒரு வேற்றுமை உண்டு. ஆர்ன்ஸ்டாட்டில் சபையாரே குழம்பினர். தஞ்சையில் சபையார் அப்பாடல்களை விரும்பினர்; குழம்பியோர் மேலோர்.

இக்கதையை இத்துடன் நிறுத்தினால் அது பாதி உண்மையே ஆகும். சாஸ்திரியாரின் முறையீட்டுப் பட்டியலில் மற்றொன்றும் இருந்தது. சபையில் சாதி வேறுபாடின்றி அனைவரும் ஒன்றாக அமரவும், திருவிருந்தில் ஒன்றாகப் பங்குபெறவும் வேண்டும் எனப் புதிய மறைப்பணியாளர் வலியுறுத்தினர். சாஸ்திரியார் அதனையும் எதிர்த்தார். தமிழிசைக்காக வாதாடிய அதே எழுதுகோல் சாதி வரிசைக்காகவும் வாதாடிற்று. பண்பாட்டைக் காப்பது என்னும் ஒரே சொல்லின் கீழ் காக்கத்தக்கதும் களையத்தக்கதும் அவரிடம் கலந்து கிடந்தன. அவரைப் பழித்து ஒதுக்குவதும், அப்பகுதியை மறைத்துப் புகழ்வதும் எளிய வழிகள். கற்றோர்க்கு இரண்டும் ஒவ்வா. இசையில் மக்கள் பக்கமும், அமரும் இடத்தில் மேலோர் பக்கமும் நின்ற மனிதரை நாம் அவ்வாறே அறிதல் வேண்டும். அயலார் சொன்னதில் ஆணவமும் அறமும் கலந்திருந்தன. நம்மவர் சொன்னதிலும் அவ்வாறே.

வரலாறு இவ்வழக்கை இரண்டாகப் பிரித்துத் தீர்ப்பளித்தது. 1853இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து வழிபாட்டுக்கென அச்சிட்டார். சாஸ்திரியாரின் பாடல்கள் அதில் சிறப்பிடம் பெற்றன. ஆலயத்திற்கு வெளியே நிறுத்தப்பட்டவை ஆலயத்திற்குள் வந்தன. 1864 ஜனவரி 24ஆம் நாள் தம் எண்பத்தொன்பதாம் வயதில் சாஸ்திரியார் மறைந்தார். அவர்தம் வழியினர் சாஸ்திரியார் என்னும் பட்டத்தோடு கதாகாலட்சேப மரபைத் தலைமுறைகளாகத் தொடர்ந்தனர். அவர் காக்க விரும்பிய வரிசை நிலைக்கவில்லை. அவர் தனியே அமர்த்த விரும்பியோரின் பெயரர்கள் இன்று அவர் பாடல்களை உரிமையோடு பாடுகின்றனர்.

நம் வட்டாரத்தில்

காப்பிக்கும் ரப்பருக்கும் ஆளெடுத்த காலத்தில் தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்து வந்தோர், சொத்தெனக் கொணர்ந்தது சிறிது; பாட்டெனக் கொணர்ந்தது பெரிது. மாரியம்மன் தாலாட்டும் ஒப்பாரியும் வந்தவாறே ஞானப்பாட்டும் கீர்த்தனையும் வந்தன. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் சீயோன் லுத்தரன் ஆலயம் போன்ற நகர ஆலயங்களில் மட்டுமன்றி, தோட்டத்துச் சிற்றாலயங்களிலும் வரிசை வீட்டு வாசல்களிலும் ஆர்மோனியத்தோடு அவை ஒலித்தன. பாக்கின் மெட்டுலகமும் சாஸ்திரியாரின் பண்ணுலகமும் ஒரே பாட்டுப் புத்தகத்தின் இரு பகுதிகளாய், ஒரே மக்களின் வாயில் வாழ்கின்றன. தஞ்சையில் இரண்டினுள் ஒன்றே வேண்டும் எனப் பொருதனர். இங்கு நம் முன்னோர் இரண்டையும் வைத்துக்கொண்டனர்.

இன்று ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா எனச் சுற்றிலும் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் வழிவிட்டு வருகின்றன. வரிசை வீடு இடிபடும்போது கூரையோடு பாடமும் போகிறது. அச்சான பாடல் நூலகத்தில் இருக்கும். 'மனம்' எங்கு 'மானம்' ஆயிற்று, எந்த அடியை எவ்வூரார் எவ்வாறு நீட்டினர், எந்தக் கும்மி மெட்டில் எச்சமயத்துப் பாட்டு ஏறியது என்பன அச்சில் இரா. அவை மூத்தோர் குரலில் மட்டுமே உள்ளன. மொழியாய்வாளருக்கு அவ்வேறுபாடுகளே உண்மையான தரவு.

ஆதலின் அவையோரிடம் நாம் வேண்டுவது ஒன்றே. எச்சமயத்தாராயினும், உங்கள் இல்லத்து மூத்தோரை ஒருநாள் அமர்த்தி, அவர் பாடுவதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயர், பிறந்த தோட்டம், பாட்டைக் கற்பித்தவர் யார் என்பவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பாடும்போது சொல்லைத் திருத்தாதீர்கள். நமக்கு அப்பாட்டியின் குரல் பதிவாய் இல்லை. 'மானம்' என்னும் அவர்தம் ஒரு சொல் மட்டும் நினைவில் எஞ்சியுள்ளது. உங்களுக்கு முழுப் பாட்டும் எஞ்சட்டும்.